நடுவில் நிற்காத பாடகி

பாடகி நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கமாக ஒரு கை அகலம் தள்ளி நின்றாள்.

இதைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் நான் பயந்தேன். ஏன் என்று புரிய வேண்டுமென்றால், பாடகி எப்படி நடுவில் நிற்கிறாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

என் பேஸ்மென்டில் இரண்டு ஸ்டாண்டுகள்மேல் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் இருந்தன. புத்தக அலமாரிக்குள் அடங்கிவிடும் அளவு. அவற்றுக்கு எதிரே என் நாற்காலி. மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம், மூன்று பக்கமும் சமம். நடுவில் எந்தப் பெட்டியும் கிடையாது, வெறும் சுவர்தான். ஒலிப்பதிவில் பாடகியின் குரலை இரண்டு பெட்டிகளுக்கும் சரிபாதியாகக் கொடுத்திருப்பார்கள். ஆகவே அது இரண்டு காதுகளுக்கும் ஒரே கணத்தில், ஒரே அளவில் வந்து சேர்கிறது. அப்படி வரும் சத்தம் நேர் எதிரிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்று மூளை முடிவு கட்டுகிறது. முடிவு கட்டியதோடு நிற்காமல், ஒன்றுமில்லாத காற்றில் ஓர் ஆளையும் நிறுத்திவிடுகிறது. நல்ல ஸ்பீக்கர் என்றால் அவளுடைய உயரம்கூடத் தெரியும். மூச்சு வாங்க அவள் முகத்தைத் திருப்புவது தெரியும்.

அவள் நடுவில் இல்லையென்றால், எங்கோ ஒரு பக்கம் குறைகிறது என்று பொருள். பெட்டியில் குறையலாம். அறையில் குறையலாம். காதிலும் குறையலாம்.

நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஏரிக்கரை ஊரான டுலூத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பத்திரிகைக்காக ஸ்பீக்கர்களைக் கேட்டு, கேட்டதை எழுதுகிறேன். என் பெயர் அர்லன் டாஃப்டே. ஊரில் பாதிப் பேர் நான் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்பதாக நினைக்கிறார்கள். அதில் பெரிய தவறில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க எனக்கு இருப்பது இரண்டு காதுகள் மட்டும்தான்.

இந்த ஸ்பீக்கர் ஜோடி நோவா ஸ்கோஷியாவில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் பட்டறையிலிருந்து வந்தது. வால்நட் மரம். மேலே, உச்ச ஒலிகளுக்கு, கூம்புக்குப் பதிலாக மெல்லிய தகட்டை ஆர்மோனியத் துருத்திபோல மடித்து வைத்திருந்தார்கள். மின்சாரம் பாயும்போது மடிப்புகள் ஒன்றையொன்று நெருக்கி, இடையிலிருக்கும் காற்றைப் பிதுக்கித் தள்ளும். விரல்களுக்கு நடுவே ஈர விதையை அழுத்தினால் அது எப்படிச் சீறிப் பாய்கிறதோ அப்படி. அதனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு வேகம் இருந்தது. டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில், தந்தி அதிர்வதற்கு முன்பே விரல்நுனித் தோல் தந்தியை உரசுவது கேட்டது. பியானோக்காரர் பெடலிலிருந்து காலை எடுத்ததும் பெட்டிக்குள் எல்லாத் தந்திகளும் ஒருசேர அடங்குவது கேட்டது. இவ்வளவு சிறிய பெட்டியிலிருந்து இவ்வளவு பெரிய அறை எழும்பி நான் கேட்டதில்லை.

ஆனால் பாடகி மட்டும் இடப்பக்கம் நின்றாள்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இடது பெட்டியை வலப்பக்கமும் வலது பெட்டியை இடப்பக்கமும் மாற்றி வைத்தேன். குறை பெட்டியில் இருந்தால் அது பெட்டியோடு இடம் மாறியிருக்கும். மாறவில்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் கம்பிகளை மாற்றிச் செருகினேன். அப்போதும் இடப்பக்கம்தான். அளவுநாடாவை எடுத்துத் தூரங்களைச் சரிபார்த்தேன். வேறு பாட்டு, வேறு குரல், கடைசியில் வானொலிச் செய்தி. செய்தி வாசிக்கும் மனிதரும் இடப்பக்கம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

குளிருக்கு, நாற்காலி முதுகில் கிடந்த கம்பளியைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அப்போதுதான் வெர்னாவின் நினைவு வந்தது.

வெர்னா என் அக்கா. அவளுக்கும் இப்படித்தான் சின்னதாக ஆரம்பித்தது. ஒரு கோடைகாலம் முழுக்க, தனக்கே தெரியாமல், போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின்மேல் ஒரு கட்டி, பட்டாணி அளவு. அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது காது போய்விட்டது, முகத்தின் வலப்பக்கமும் தளர்ந்துவிட்டது. இன்றும் காபி குடிக்கும்போது உதட்டோரம் ஒரு காகித நாப்கினைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள். அவளுக்கு வந்த வகை குடும்பத்தில் தொடர்வதில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நானும் நன்றாகப் புரிந்துகொண்டேன். என் பயத்துக்கு மட்டும் அது புரியவில்லை.

மீதமிருந்தது அறை. அறை குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஏங்கியபடி என் நண்பன் ரூடி கிவெலாவைக் கூப்பிட்டேன்.

ரூடி எங்கள் ஏரியில் ஓடும் தாதுக் கப்பல்களின் எஞ்சின் அறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். எஞ்சின் அவன் காதுகளைத் தின்றுவிட்டது. இரண்டிலும் கருவி மாட்டியிருப்பான். பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டான், ஆனால் சத்தத்தை அளப்பதில் பைத்தியம். மைக்கும் மடிக்கணினியுமாக வந்து பாதிப் படியிலேயே நின்றுவிட்டான்.

"யோவ் அர்லன், உயிரோடதான் இருக்கியா? என்னய்யா இது, மார்ச்சுவரி மாதிரி ஜில்லுனு!"

"ஹீட்டரை அணைச்சு வெச்சிருக்கேன். அந்த ஃபேன் ஓடிச்சுன்னா சின்னச் சத்தமெல்லாம் மறைஞ்சுடும்."

"ஆமாமா. இப்போ என் பல்லு அடிச்சுக்கறது நல்லாக் கேக்கும்."

"உக்காந்து ஒரு தடவை கேளேன், ரூடி. பாட்டு எந்தப் பக்கம் வருதுன்னு மட்டும் சொல்லு."

"என்னையா?" காதுக் கருவியைத் தட்டிக் காட்டினான். "இது என் காது இல்லய்யா, பேட்டரி. இதுல எந்தப் பக்கம்னு எல்லாம் தெரியாது. மைக்கு பொய் சொல்லாது. நீ அந்தச் சிம்மாசனத்தைத் தள்ளு."

நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். மைக் வைத்து அளக்கும் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அது இருந்த இடத்தில், என் காதுகள் இருக்க வேண்டிய உயரத்தில், மைக்கை நிறுத்தினான். இடது பெட்டியிலிருந்து ஒரு சத்தம் அடிவயிற்று உறுமலாகப் புறப்பட்டு, மேலே ஏறி ஏறி, விசிலாகி மறைந்தது. பிறகு அதே சத்தம் வலது பெட்டியிலிருந்து. மைக் கேட்டதைக் கணினி கோடுகளாக வரைந்தது. அறையில் ஒரு பக்கம் ஏதாவது சத்தத்தை விழுங்கினால் அந்தக் கோடு அங்கே பள்ளத்தில் இறங்கும். பள்ளம் வர வேண்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா? ரெண்டு கோடும் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிட்டுக் கெடக்கு, புதுசா கல்யாணம் ஆன ஜோடி மாதிரி."

"திரும்ப ஒரு தடவை எடு."

எடுத்தான். மாற்றமில்லை.

"பெட்டி சுத்தம். ரூமும் சுத்தம். அப்போ மிச்சம் நீதான்." சிரித்தான். "காதுக் கருவி வேணும்னா என் கடைக்காரன்கிட்ட சொல்றேன். ஒண்ணு வாங்கினா ரெண்டாவது பாதி விலை."

நானும் சிரித்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். அவன் வண்டி கிளம்பிப் போகும் சத்தத்தை எந்தக் காதால் கேட்கிறேன் என்று கவனித்தபடி வாசலிலேயே நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அதே வேலையாகப் போயிற்று. காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்ப்பேன். வலப்பக்கம் மந்தமாக இருக்கும். மறுபடி தேய்த்தால் இடப்பக்கம் மந்தம். காது தராசு இல்லை. ஒரு சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது களைத்துப்போகும். எதிர்பார்த்துக் கேட்டால் எதிர்பார்த்ததைத் தரும். மற்றவர்கள் கேட்டிருந்தால் நானே இதை விளக்கியிருப்பேன். என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சுவரில் ஓர் ஆணியில் ஹெட்போன் தொங்கியது. அதை மாட்டினால் இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். ஹெட்போனில் அறை இல்லை, முக்கோணம் இல்லை. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி ஒலி. அதிலும் பாடகி இடப்பக்கம் ஒதுங்கினால் காதுதான், சந்தேகமே இல்லை. எனக்கு இது முதல் நாளே தெரியும். அதனால்தான் அந்த ஆணிப் பக்கமே நான் போகவில்லை. காரணம் தேடிக்கொண்டிருக்கும்வரை, பதில் தெரியாமல் இருக்க ஓர் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் நான் அந்த வாரம் வாழ்ந்தேன்.

பத்திரிகை ஆசிரியர் கட்டுரை எங்கே என்று கேட்டு எழுதியிருந்தார். என்ன எழுதுவது? குரல் ஒரு பக்கம் சாய்கிறது என்று எழுதி, சாய்ந்தது என் காதாக இருந்தால், அந்தக் கணவன் மனைவியின் பட்டறை மூடிப்போகும். சாயவில்லை என்று எழுதினால் அது பொய்.

வெள்ளிக்கிழமை மதியம் அது தானாக நடந்தது. என் நாற்காலி பழைய தோல் நாற்காலி. தலைக்கு மேலே உயரும் முதுகு, அடியில் சுழலும் தண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மேசையிலிருந்த தேநீரை எடுக்கக் காலால் உந்திச் சுழன்றேன். முதுகு ஸ்பீக்கர்கள் பக்கமும் முகம் பின்சுவர் பக்கமுமாக நின்றேன். அப்போதுதான், நான் செய்யாமல் தள்ளிப்போட்ட இன்னொரு சோதனையை என் கால் செய்துவிட்டது என்று புரிந்தது.

அந்தச் சோதனை இதுதான். குறை அறையிலோ பெட்டியிலோ இருந்தால், நான் எப்படித் திரும்பினாலும் பாடகி அதே சுவர்ப் பக்கம்தான் ஒதுங்குவாள். ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்தால் என் இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் படிக்கட்டு. ஜன்னல் பக்கம் ஒதுங்கியவள் ஜன்னல் பக்கமே இருப்பாள். குறை என்னோடு இருந்தால், நான் திரும்பும்போது அவளும் என்னோடு திரும்பி எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

கண்களை மூடிக் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் இல்லை. படிக்கட்டுப் பக்கம். என் இடப்பக்கம்.

தேநீரை மேசையிலேயே திரும்ப வைத்தேன். பாட்டை நிறுத்தினேன். காகித நாப்கினைப் பிடித்துக்கொண்டிருக்கும் வெர்னாவின் கைதான் கண்ணுக்குள் நின்றது. இனி எந்த அறையிலும் எந்தப் பாடகியும் எனக்கு நடுவில் நிற்கப் போவதில்லை என்று நினைத்தேன். ஒரு காதால் கேட்பவனுக்கு நடு என்பதே கிடையாது.

துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி மார்லிஸ் படியிறங்கி வந்தாள். என் மனைவி. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை, வெள்ளிக்கிழமை விடுமுறை. சலவை இயந்திரம் பேஸ்மென்டின் மறுகோடியில் இருக்கிறது.

"என்ன, பாட்டு நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல."

"உங்க வீட்டுல யாராவது 'ஒண்ணுமில்ல'ன்னா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். உங்கப்பா விரல் துண்டாப் போயும் அதைத்தானே சொன்னாரு?"

கூடையை இறக்கி வைத்தாள்.

"அர்லன், இங்க பாரு. நீ கொஞ்ச நாளா போனை இடது காதுலயே வெச்சுப் பேசறே. நான் கவனிக்கலைன்னு நெனச்சியா?"

அதை நான் கவனிக்கவில்லை.

"வெர்னாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, கம்பி, ரூடியின் மைக், சுழன்ற நாற்காலி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பல் பிடுங்கப் போகிறவர்கள் புலம்புவதைத் தினமும் கேட்பவள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"என்கிட்ட?"

"இப்பத்தான் சொன்னேனே."

"பெரிய மனசுய்யா உனக்கு." அருகில் வந்து நின்றாள். "சரி, எந்திரி. நான் கேக்கறேன்."

"நீயா? உனக்குத்தான் இதுல—"

"இத்தனை வருஷத்துல அந்த நாற்காலில ஒரு தடவை உக்காந்திருக்கேனா? என்னவோ அரியணை மாதிரி நீதான் காவல் காத்துட்டு இருக்கே. எந்திரின்னா."

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். நாற்காலியை நேராகத் திருப்பினேன். அவள் என்னைவிட அதிகம் குள்ளமில்லை. காது ஏறக்குறைய என் காது இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

"கண்ணை மூடிக்கோ. பாடறவ எங்க நிக்கறான்னு விரலால காட்டு. எந்தப் பக்கம் வரணும்னு யோசிக்காதே."

"இடது வலதுன்னு நீ இப்பத்தான் அரைமணி நேரம் புலம்பினே. யோசிக்காம எப்படி?"

"முயற்சி பண்ணு."

பாட்டைப் போட்டுவிட்டு, வழி மறிக்காமல் இருக்க ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், இரண்டுக்கும் நடுவே சுவரோரம் போய் நின்றேன். மார்லிஸின் கை மெல்ல எழுந்து, காற்றில் சிறிது தடுமாறி, நின்றது. என்னைக் காட்டவில்லை. எனக்கு ஒரு கை அகலம் தள்ளி, அவளுடைய இடப்பக்கம் காட்டியது.

"இங்க. இங்கதான் நிக்கறா. உறுதியாச் சொல்றேன்." கண்ணைத் திறக்காமலே குரல் இறங்கியது. "ஐயோ, அப்போ எனக்கும் காதுல கட்டியா?"

இரண்டு பேருக்கு, ஒரே பக்கம், ஒரே அளவு குறை வராது. முதலில் எனக்குத் தோன்றியது அதுதான். குறை என் உடம்பில் இல்லை. ஆனால் நான் திரும்பியபோது அதுவும் திரும்பியது. என்னோடு திரும்புவது, ஆனால் நான் இல்லாதது. அது என்ன?

நான் நின்றது பாடகி நிற்க வேண்டிய இடம். அங்கிருந்து அந்த நாற்காலியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏனென்றால் பாட்டு ஓடும்போதெல்லாம் நான் அதில் உட்கார்ந்திருப்பேன். அளக்கும்போதெல்லாம் அதைத் தள்ளிவிடுவேன். அன்றுதான் முதன்முறையாக, அதில் ஒருவர் உட்கார்ந்திருக்க, எதிரிலிருந்து பார்த்தேன்.

மார்லிஸின் தலைக்குப் பின்னால், அவளுடைய வலப்பக்கம் முழுக்கக் கம்பளி தொங்கியது. இடப்பக்கம் வெறும் தோல், விளக்கொளியில் பளபளத்தது.

அந்தக் கம்பளியை நாற்காலி முதுகில் போட்டதே நான்தான். தோல், சத்தத்தைப் பந்துபோலத் திருப்பி அடிக்கும். காதுக்குச் சாண் தூரத்தில் அப்படி ஒரு சுவர் இருந்தால், நேராக வரும் சத்தத்தோடு திரும்பி வரும் சத்தமும் கலந்துவிடும். கம்பளி அதை விழுங்கட்டும் என்று மூடிவைத்தேன். ஆனால் ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளிரில் உட்காரும்போதெல்லாம், வலது கையால் அதன் ஓரத்தைத் தோளுக்கு இழுத்துக்கொண்டேன். இழுக்க இழுக்க, நாளுக்குக் கொஞ்சமாக, அது வலப்பக்கம் நகர்ந்தது. வலது காதுக்குப் பின்னால் சத்தம் விழுங்கப்பட்டது. இடது காதுக்குப் பின்னால் திருப்பி அடிக்கப்பட்டது. இடது காதுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்ததால் மூளை பாடகியை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டது. வழக்கமான ஸ்பீக்கர்களில் குரல் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், இந்த ஒரு கை அகலம் அதற்குள் மறைந்துவிடும். இந்த ஜோடி அவ்வளவு கூர்மை, காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சுழன்றபோது கம்பளியும் என்னோடு சுழன்று, பின்னாலிருந்து வந்த சத்தத்தையும் அதே வலது காதுப் பக்கம் விழுங்கியது. ரூடியின் மைக் வந்தபோது, நாற்காலியோடு சேர்த்துக் குற்றவாளியையும் நாங்களே வெளியே அனுப்பிவிட்டோம்.

"கண்ணைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டு நடந்துபோய், அவள் தலைக்குப் பின்னாலிருந்த கம்பளியைச் சத்தமில்லாமல் நடுவுக்கு இழுத்து விரித்தேன்.

"ஏய், என்ன பண்ணினே?" அவள் விரல் தானாக நகர்ந்து நடுவுக்கு வந்தது. "அவ நகர்ந்துட்டா. அர்லன், அவ நகர்ந்துட்டா!"

நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தேன். மார்லிஸ் கண்ணைத் திறந்து, விரித்த கம்பளியைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிகிறவரை அப்படியே இருந்தோம்.

"திங்கக்கெழமை டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "போர்வைதான் காரணம்னாலும் போறோம். போனை எந்தக் காதுல வெச்சுக்கறதுன்னு இனி நீ யோசிக்கக் கூடாது."

"சரி."

எழுந்துபோய் அந்த ஹெட்போனை எடுத்து மாட்டினேன். பாடகி நடுவில்தான் நின்றாள். அதன் பிறகு தோல் நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து முதுகு குட்டையான ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டேன். அதன் முதுகு என் தோளுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. காதுக்குப் பின்னால் அறையின் காற்றைத் தவிர எதுவும் இல்லை. குளிருக்குப் போர்வை வேண்டாம், கோட்டுப் போட்டுக்கொள்கிறேன். மைக் வைத்து அளக்கும்போது அந்த நாற்காலியை நகர்த்துவதில்லை.